டேண்டம் பறத்தல் தனியாகப் பறப்பதைவிட எளிதா? – விவாத இழை

ஜனவரி 11 – வாசகர் ஒருவரின் கேள்வி

"சில ஆண்டுகளாகத் தனியாகப் பாராகிளைடிங் (துணி இறக்கையோடு சரிவில் ஓடிக் கிளம்பிப் பறப்பது) செய்து வருகிறேன். ஒரே இறக்கையில் பைலட் பின்னாலும் பயணி முன்னாலுமாக இருவர் பறக்கும் டேண்டம் பறத்தலைப் பற்றி எல்லோரும் தேவைக்கு மேல் பயமுறுத்துவதாகத் தோன்றுகிறது. டேண்டம் இறக்கை பெரியது, நிதானமாகத் திரும்புவது, எளிதில் மடங்காதது. முன்னால் உட்காருபவர் எதையும் இயக்குவதில்லை. அவர் வெறும் எடைதான். தனியாக நன்றாகப் பறக்கத் தெரிந்தவர் அந்த எடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பறப்பதற்குத் தனிப் பயிற்சியும் தனி உரிமமும் எதற்கு?"

ஜனவரி 11, இரவு – டேண்டம் பைலட்டான என் பதில்

இறக்கையைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். டேண்டம் இறக்கைகள் பெரும்பாலும் ஐரோப்பியத் தரநிலையின் பி வகுப்பில் (எளிதில் கையாளக்கூடியவற்றுக்கான வகுப்பு) சான்று பெற்றவை. காற்றில் அவை அமைதியாகவே நடந்துகொள்கின்றன. ஆனால் அந்தச் சான்று தேர்ந்த சோதனை பைலட்டுகள் அமைதியான காற்றில் பறந்து பெற்றது. முன்னால் இருப்பவர் பயத்தில் ரைசரை (இறக்கையின் கயிறுகள் வந்து சேரும் பட்டையை) பிடித்துத் தொங்குவதையோ, கிளம்பும் ஓட்டத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிடுவதையோ அந்தச் சோதனை அளப்பதில்லை.

"வெறும் எடை" என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கருவிகளோடு சேர்த்து 90 கிலோ உள்ள ஒருவர் 25 சதுர மீட்டர் இறக்கையில் பறந்தால், ஒவ்வொரு சதுர மீட்டரும் 3.6 கிலோவைச் சுமக்கிறது. இருவரும் சேர்ந்து 180 கிலோ, இறக்கை 41 சதுர மீட்டர் என்றால் அது ஏறத்தாழ 4.4 கிலோவாகிறது. இறக்கை உங்களைத் தூக்குவதற்குத் தேவையான வேகம் இந்தச் சுமையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடுவதால், தனியாக ஓடியதைவிடச் சுமார் 10 சதவீதம் வேகமாக ஓடியாக வேண்டும். காற்றே இல்லாத காலையில் அந்த 10 சதவீதம் எவ்வளவு பெரியது என்பது ஓடிப் பார்த்தவருக்குத் தெரியும். அதிலும், ஓடும் நான்கு கால்களில் இரண்டு இதுவரை ஒருமுறைகூட இறக்கையின் கீழ் ஓடியிராதவை.

ஆகவே தரையில் இருக்கும்வரை பயணி உங்கள் இயந்திரத்தின் பாதி. அந்தப் பாதியை இயக்குவதற்கு உங்கள் கையில் பிரேக் (இறக்கையைச் செலுத்தும் கைப்பிடி) கிடையாது. பேச்சு மட்டுமே உண்டு. டேண்டம் பயிற்சியின் பெரும்பகுதி இந்தப் பேச்சைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜனவரி 12

ஸ்பிரெடரில் (பைலட்டையும் பயணியையும் இறக்கையோடு இணைக்கும் துண்டில்) எந்தத் துளையில் மாட்டுவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மேலே எழுதியதோடு நேரடியாகத் தொடர்புடைய கேள்வி இது.

ஸ்பிரெடர் தராசின் கோலைப் போன்றது. இறக்கையின் ரைசர் கோலின் நடுவிலும், பயணி முன்முனையிலும், பைலட் பின்முனையிலும் தொங்குகிறார்கள். முன்னால் 95 கிலோ பயணியும் பின்னால் 60 கிலோ பைலட்டும் இருந்தால் முன்முனை தாழ்ந்து பின்முனை உயரும். அதனால் கிளம்பும் ஓட்டத்தில் பைலட்டின் கால்கள் முதலில் தரையை விட்டுவிடும். பயணி மட்டும் தனியே ஓடிக்கொண்டிருக்க, பைலட் அவருடைய முதுகுக்குப் பின்னால் தொங்கியபடி எதுவும் செய்ய முடியாமல் இருப்பார். பல துளைகள் வைத்திருப்பது இதைச் சரிசெய்யத்தான்: தாங்கும் புள்ளியைக் கனமானவர் பக்கம் நகர்த்தி, இருவரும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் தொங்கும்படி செய்ய வேண்டும். குழந்தைகளை ஏற்றும்போது இதற்கு நேர்மாறான சிக்கல் வரும்.

பயணியின் எடையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட எடைக்கருவியில் நிறுத்திப் பார்ப்பதே நல்லது. மக்கள் தங்கள் எடையைக் குறைத்தே சொல்கிறார்கள். காலணி, குளிர்சட்டை, கைப்பை ஆகியவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜனவரி 12, மாலை

தொடைப்பட்டையைப் பற்றி இன்னும் எழுதவில்லை. அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஹார்னஸில் (உடலோடு பூட்டிக்கொள்ளும் இருக்கையில்) நெஞ்சுப்பட்டை பூட்டியிருந்து தொடைப்பட்டைகள் திறந்திருந்தால், தரையில் நிற்கும்வரை எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். கால்கள் தரையை விட்டதும் உடல் கீழே நழுவும், அக்குள்கள் மட்டும் தடுத்து நிறுத்தும். அந்த நிலையில் இருப்பவரை டேண்டம் பைலட் தன் கைகளால் மேலே இழுக்க முடியாது, ஏனென்றால் அவர் கைகள் இறக்கையைச் செலுத்திக்கொண்டிருக்கின்றன. இன்றைய டேண்டம் ஹார்னஸ்கள் பலவற்றில் நெஞ்சுப்பட்டையும் தொடைப்பட்டையும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. தொடைப்பட்டையை விட்டுவிட்டு நெஞ்சை மட்டும் பூட்டுவது அவற்றில் எளிதில் நடக்காது. அப்படிப்பட்ட ஹார்னஸையே வாங்குங்கள். அதை வாங்கிய பிறகும் கையால் தொட்டு இழுத்துப் பாருங்கள்.

2018இல் சுவிட்சர்லாந்தில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அது பாராகிளைடர் அன்று, விறைப்பான சட்டமுள்ள இறக்கையின் கீழ் தொங்கிப் பறக்கும் ஹேங் கிளைடர். பயணியின் ஹார்னஸ் கிளைடரோடு இணைக்கப்படாமலேயே கிளம்பிவிட்டார்கள். அவர் இரண்டு நிமிடங்களுக்கு மேல் கைகளாலேயே தொங்கி, தரை நெருங்கியபோது விழுந்து, மணிக்கட்டு முறிந்து, உயிர் தப்பினார். அந்தக் காணொளியைப் பார்க்கும் ஒவ்வொருவரும் "இதை எப்படி மறப்பார்கள்" என்றுதான் கேட்கிறார்கள். மறதிக்கு ஒரு சிறு இடையூறு போதும். ஒரு பூட்டுக்கும் அடுத்த பூட்டுக்கும் இடையே யாராவது கூப்பிடுவார்கள், கேமராவை நீட்டுவார்கள், காற்று மாறிவிட்டது என்பார்கள். அப்போது பேச்சு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. இடது தொடையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். பயணிக்கு முன்னால் மண்டியிட்டு, இடது தொடை, வலது தொடை, நெஞ்சு, தலைக்கவசம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக்கொண்டே இழுப்பேன். பயணியும் என்னோடு சேர்ந்து சொல்ல வேண்டும். பிறகு ஹார்னஸை இணைக்கும் உலோக வளையங்களான இரு பக்கக் கேரபினர்களின் பூட்டுகளையும் விரலால் அழுத்தி, திறக்கவில்லை என்று காட்டுவேன். கடைசியாக என் தொடைப்பட்டைகளை அவரிடம் காட்டி, பூட்டியிருக்கிறதா என்று கேட்பேன். பெரும்பாலோருக்கு முதலில் வியப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு அவர்களின் நிற்கும் விதமே மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

ஜனவரி 15

பயணியிடம் என்ன பேசுவது என்று கேட்டவர்களுக்கு.

குறைவாகப் பேசுங்கள். கிளம்பும் இடத்தில் நிற்பவரால் மூன்று செய்திகளுக்கு மேல் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. என்னுடைய மூன்று இவை: நான் "நட" என்றால் நடக்க வேண்டும்; "ஓடு" என்றால் கால் தரையை விட்ட பிறகும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; நான் சொல்லாமல் உட்காரக் கூடாது. மலையின் பெயர், இறக்கையின் வரலாறு, நான் எத்தனை ஆண்டுகளாகப் பறக்கிறேன் என்பதையெல்லாம் காற்றில் ஏறிய பிறகு பேசிக்கொள்ளலாம்.

பேச்சைவிடப் பயன்படுவது ஓர் ஒத்திகை. இறக்கை எழும்போது பின்னோக்கி ஒரு பலமான இழுப்பு வரும். முதல்முறை அதை உணரும் எந்த மனிதரும் நின்றுவிடுவார். உடலின் இயல்பு அது. "இழுத்தாலும் நிற்காதீர்கள்" என்று வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், ஆனால் இழுப்பு வந்ததும் நிற்பார்கள். எனவே இறக்கையை விரிப்பதற்கு முன், சமதளத்தில், ஹார்னஸின் தோள்பட்டைகளைப் பின்னாலிருந்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவரை நடக்கச் சொல்கிறேன். அவர் முன்னால் சாய்ந்து என்னை இழுத்துக்கொண்டு நடக்கும் அளவுக்குப் பலத்தைக் கூட்டுகிறேன். "இப்படித்தான் இருக்கும், இப்படியே தள்ளிக்கொண்டு போங்கள்" என்றால் போதும். அரை நிமிடம் எடுக்கும் இந்த ஒத்திகை, பத்து நிமிட விளக்கத்தால் முடியாததைச் செய்கிறது.

யார் நன்றாக ஓடுவார் என்று தோற்றத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். உடற்பயிற்சி செய்து கட்டுடலோடு வருகிற இளைஞர்களில் சிலர் ஓட்டத்தின் கடைசி அடியில் துள்ளிக் குதிப்பார்கள். குதித்ததும் இறக்கையின் சுமை ஒரு கணம் குறைந்து, மறுகணம் இருவரும் மீண்டும் தரையில் அமர்வோம். ஒருமுறை தலை நரைத்த அம்மா ஒருவர், வயல் வரப்பில் நடந்து பழகியவர், சேலைக்கு மேல் அணிந்த காற்சட்டையோடு, குனிந்த முதுகோடு, நான் "போதும்" என்று சொல்லும்வரை காற்றில் கால்களை ஓட்டிக்கொண்டே வந்தார். அவரைவிடச் சிறந்த பயணியை நான் ஏற்றியதில்லை.

ஜனவரி 15, சற்றுப் பிறகு

"நான் சொல்லாமல் உட்காரக் கூடாது" என்ற விதி செங்குத்தான சரிவில் பயணியைக் குழப்பாதா என்று கேட்டிருக்கிறார்கள். குழப்பலாம். காலுக்குக் கீழே பள்ளம் இருக்கும்போது தொடைப்பட்டைகளில் தொங்கிக்கொண்டிருப்பது சங்கடமானது. பயணி இருக்கையைத் தேடிக் கையைக் கீழே கொண்டுபோவார். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் விரிவாக்கிக்கொள்கிறேன்: தரையிலிருந்து நன்கு விலகிய பிறகு நானே என் முழங்கால்களால் இருக்கைப் பலகையை அவருக்குக் கீழே தள்ளிவிடுவேன் என்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். அவர் எதையும் தேட வேண்டியதில்லை என்று தெரிந்தால் காத்திருப்பார்.

ஜனவரி 19

பயந்தவர்களை ஏற்றுவதா, வேண்டாமா என்பது பற்றி. இது எனக்கு மிகவும் முக்கியமான பகுதி. நீளமாக எழுதப் போகிறேன்.

தனியாகப் பறக்கும் பைலட் தன் ஆபத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறார். அவருக்கு மேகத்தைப் படிக்கத் தெரியும், மரக்கிளையின் அசைவைப் படிக்கத் தெரியும், வேண்டாம் என்று திரும்பிப் போகவும் தெரியும். டேண்டம் பயணிக்கு இவை எதுவும் தெரியாது. ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்திட்டிருக்கலாம். ஆனால் தான் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்பதை முழுதாக அறிந்து அவர் கையெழுத்திடவில்லை. அறிந்தவர் அங்கே ஒருவர்தான் இருக்கிறார். ஆகவே பயணியுடைய மறுப்பையும் சேர்த்து பைலட்டுகளான நாம்தான் சுமக்கிறோம்.

நடைமுறையில் பயணிகள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. நண்பர்கள் கூட்டமாக வருவார்கள், அல்லது பிறந்தநாள் பரிசாக யாராவது அழைத்து வருவார்கள். கூட்டத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே இருப்பார், ஆனால் கைகள் குளிர்ந்திருக்கும். அவரைக் கூட்டத்தின் நடுவில் வைத்து "விருப்பம்தானே" என்று கேட்பதில் பயனில்லை. "ஆமாம்" என்றுதான் சொல்வார். தலைக்கவசம் மாட்டுகிற சாக்கில் தள்ளி அழைத்துப் போய், "இன்று வேண்டாம் என்றால் காற்று சரியில்லை என்று நான் சொல்லிவிடுகிறேன், யாருக்கும் தெரியாது" என்று மெதுவாகச் சொன்னால் உண்மையான பதில் வரும். கண்கலங்கி நன்றி சொன்னவர்கள் உண்டு. ஒரு கணம் யோசித்து, "இல்லை, நான் வருகிறேன்" என்று தெளிவான குரலில் சொன்னவர்களும் உண்டு. அந்தக் கேள்வி கேட்கப்பட்டதாலேயே அவர்களின் முடிவு அவர்களுடையதாகிவிடுகிறது.

நடுங்குபவரை ஒருபோதும் ஏற்றக் கூடாது என்பது என் கருத்து.

ஜனவரி 20

நேற்று கடைசியாக எழுதிய வரி மிகவும் கடுமையானது. இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நடுக்கம் தானாகவே ஒரு தடையாகாது. உயரத்தின் விளிம்பில் நிற்கும் மனிதர் நடுங்குவது ஆரோக்கியமான உடலின் அடையாளம். நான் பார்க்க வேண்டியது வேறொன்று: பயத்தின் நடுவிலும் அவர் என் சொல்லைக் கேட்கிறாரா? ஒத்திகையின்போது "நட" என்றதும் நடக்கிறாரா, "நில்" என்றதும் நிற்கிறாரா, இடது தொடை எது என்று கேட்டால் சரியான காலைக் காட்டுகிறாரா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். கேட்கிறவரை நடுக்கத்தோடும் ஏற்றலாம். கண்கள் எங்கோ நிலைத்து, சொன்னது எதுவும் உள்ளே போகாமல் விறைத்து நிற்பவர் சிரித்துக்கொண்டிருந்தாலும் ஏற்றக் கூடாது, ஏனென்றால் அவர் ஓட்டத்தின் நடுவில் உட்கார்ந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

கர்ப்பிணிகள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், முதுகெலும்பிலும் கணுக்காலிலும் பழைய காயம் உள்ளவர்கள் ஆகியோரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நேரடியாகக் கேளுங்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள்.

ஜனவரி 24

காற்று.

"இந்தக் காற்றில் நான் தனியாகப் பறப்பேனா" என்று கேட்பது டேண்டம் பைலட்டுக்குப் போதாது. தனியாகப் பறக்கும்போது நண்பகல் தெர்மலின் (வெயிலில் சூடாகி மேலெழும் காற்றின்) குலுக்கலை நான் விரும்பித் தேடிப் போகிறேன். அதே குலுக்கல் முன்னால் இருப்பவருக்கு வெறும் அச்சமும் குமட்டலுமே. காலையின் இளங்காற்றும், மாலையில் சரிவு முழுவதும் சீராக எழும் மென்காற்றும் டேண்டத்துக்கு உரியவை. இடைப்பட்ட நேரத்தில் வரிசை நீண்டிருந்தாலும் இறக்கையைச் சுருட்டி வைக்கத் துணிவு வேண்டும். பயணிகளை ஏற்றிப் பிழைப்பவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். மேலிருந்து ஒருவர் கிளம்பிவிட்டால் அடுத்தவருக்கும் கால் பரபரக்கும். "அவர் போனாரே" என்று பயணியும் கேட்பார். அவர் போனது இந்தக் காற்றில் அன்று, பத்து நிமிடத்துக்கு முந்தைய காற்றில்.

திரண்டு மேலே வளரும் இடிமேகம் தொலைவில் தெரிந்தாலே நான் நிறுத்திவிடுவேன். மழை விழத் தொடங்கிய மேகத்திலிருந்து கீழே இறங்கும் குளிர்காற்று தரையில் பரவி, மேகத்துக்குப் பல கிலோமீட்டர் முன்னதாகவே வந்து சேரும். பாராகிளைடரின் இயல்பு வேகம் மணிக்கு 36 முதல் 40 கிலோமீட்டர்வரைதான். எதிர்காற்று அதைத் தாண்டினால் முகம் முன்னோக்கி இருக்க, உடல் பின்னோக்கிப் போகும். பின்னால் மலைமுகடு இருந்தால் அதன் மறுபுறத்தில் புரளும் காற்றுக்குள் இருவரும் போய்ச் சேருவோம்.

எடை குறைந்த பயணியோடு பறக்கும்போது இன்னும் கவனம் தேவை. இறக்கைக்குக் குறைந்தபட்ச எடை என்று ஒரு வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். சிறு குழந்தையை ஏற்றி அதற்குக் கீழே போனால் இறக்கையின் உள்ளழுத்தமும் வேகமும் குறைந்து, குலுக்கலில் மடங்குவதற்கான வாய்ப்பு கூடும். "குழந்தைதானே, எடை குறைவு, பாதுகாப்பு அதிகம்" என்று பெற்றோர் நினைப்பார்கள். உண்மை அதற்கு எதிரானது.

ஜனவரி 24, இரவு

குமட்டல் பற்றி ஒரு குறிப்பு. பயணி வாந்தி எடுக்கப் போகிறார் என்பதை அவர் சொல்வதற்கு முன்பே அறியலாம். முதலில் பேச்சு நிற்கும். பிறகு கொட்டாவி, எச்சில் விழுங்குதல், ஒற்றைச் சொல் பதில்கள். அந்தக் கட்டத்திலேயே சுற்றுவதை நிறுத்தி, நேராகப் பறந்து, தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லி, இறங்குமிடத்தை நோக்கித் திரும்பிவிட வேண்டும். உயரம் கிடைத்துக்கொண்டிருக்கிறதே என்று இன்னும் இரண்டு சுற்று சுற்றுபவர்கள் யாருக்காகப் பறக்கிறார்கள் என்று புரியவில்லை.

இதோடு சேர்த்து: கடைசியில் ஒரு சுழல் இறக்கம் போட்டுக் காட்டும் வழக்கத்தை நான் எதிர்க்கிறேன். ஆழ்ந்த சுழலில் உடல் எடை மூன்று, நான்கு மடங்காக உணரப்படும். பழக்கமில்லாதவருக்குக் கண் இருட்டிவிடும். பின்னால் இருக்கும் பைலட்டால் அவர் முகத்தைப் பார்க்கவும் முடியாது.

ஜனவரி 29

அவசரப் பாராசூட்டைப் பற்றிப் பயணியிடம் சொல்ல வேண்டுமா என்ற விவாதம் சூடாகிவிட்டது. நான் சொல்கிறேன், ஆனால் ஒரே வாக்கியத்தில்: "என்னிடம் இருவரையும் தாங்கும் இன்னொரு பாராசூட் இருக்கிறது, அதை வீசினால் கால்களைச் சேர்த்து, முழங்காலை லேசாக மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்." ஐரோப்பியத் தரநிலைப்படி அதன் இறங்கு வேகம் முழு எடையிலும் நொடிக்கு 5.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பதற்குச் சமமான வேகம் அது. தயாராக இருக்கும் கால்களுக்கும் தளர்ந்து தொங்கும் கால்களுக்கும் அந்த வேகத்தில் பெரிய வேறுபாடு உண்டு. பயமுறுத்திவிடுமே என்ற வாதத்தைப் புரிந்துகொள்கிறேன். என் அனுபவத்தில் இதைக் கேட்டவர்கள் நிம்மதியே அடைந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 2

உரிமத்தைப் பற்றிய உங்கள் முதல் கேள்விக்கு இப்போதாவது வருகிறேன்.

அமெரிக்காவில் பாராகிளைடர்களை ஆளும் வான்வழி விதி, ஒருவர் மட்டுமே பறக்கும் கலங்களுக்காக எழுதப்பட்டது. இருவர் பறப்பது அங்கே ஒரு விலக்கின் கீழ், பயிற்சிக்காக மட்டும் அனுமதிக்கப்படுகிறது. சட்டத்தின் பார்வையில் முன்னால் இருப்பவர் மாணவர். ஜெர்மனியில் பயணியை ஏற்றத் தனித் தகுதிச் சான்று வேண்டும். நாட்டுக்கு நாடு வடிவம் வேறுபட்டாலும் பல நாடுகள் தனிப் பறத்தல் தகுதி மட்டும் போதும் என்று விட்டுவிடாததற்குக் காரணம் நான் இதுவரை எழுதியவைதாம். 

அமெரிக்க விதியின் அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருக்கிறது. பயணியை மாணவராக நினைத்துவிட்டால் நம் நடத்தை தானாக மாறுகிறது. ஏன் இப்போது இடப்பக்கம் திரும்புகிறோம், ஏன் அந்தக் கழுகு அங்கே சுற்றுகிறது என்று சொல்லத் தொடங்கிவிடுவோம். போதிய உயரத்தில், அமைதியான காற்றில், பிரேக்கை ஒரு நிமிடம் அவர் கையில் கொடுத்து, அவர் கைமேல் என் கையை வைத்து ஒரு திருப்பம் செய்ய வைப்பதும் அதன் பகுதிதான். 

எவரெஸ்டிலிருந்தே டேண்டமாகப் பறந்திருக்கிறார்களே என்று குறிப்பிட்டவருக்கு: அங்கிருந்து முதலில் பாராகிளைடரில் பறந்தது 1988இல் ஜான் மார்க் புவாவன், தனியாக. உச்சியிலிருந்து டேண்டமாகப் பறந்தது 2001இல் பெர்த்ரான் ரோஷ், கிளேர் ரோஷ் தம்பதியர். 2011இல் நேபாளத்தின் லக்பா செரி ஷெர்பாவும் பாபு சுனுவாரும். காற்று மெலிந்த உயரத்தில் கிளம்பும் ஓட்டம் மேலும் வேகமாக இருக்க வேண்டும் என்பதால் இவை பெரிய சாதனைகள்தாம். ஆனால் அங்கே இருவருமே மலையை அறிந்து, தாமாகத் தேர்ந்தெடுத்துப் பறந்தவர்கள். பயணி ஏற்றுவதற்கு எடுத்துக்காட்டாக அவற்றைச் சொல்ல முடியாது.

பிப்ரவரி 7

இறங்குதல். "காலைத் தூக்கிக்கொள்ளுங்கள்" என்பதா, "எழுந்து ஓடுங்கள்" என்பதா?

எதிர்காற்று நன்றாக இருந்தால் எழுந்து நிற்கச் சொல்கிறேன். இரண்டு அடி எடுத்து வைத்தால் போதும். காற்றில்லாத நேரத்தில் புல்தரையில் இறங்கும்போது, ஓட முடியாதவர்களிடம் கால்களை நேராக முன்னால் நீட்டி உயர்த்திக்கொள்ளச் சொல்லி, ஹார்னஸின் முதுகுக்காப்பின்மேல் வழுக்கி இறங்குகிறேன். மிக மோசமானது இரண்டுக்கும் இடைப்பட்டது: பாதி தூக்கிய கால் தரையில் குத்தி, பின்னாலிருந்து வரும் என் எடையும் இறக்கையின் வேகமும் அதன்மேல் ஏறும்போது கணுக்கால் போகிறது. எந்த முறை என்பதை மேலேயே தீர்மானித்து, தரையிலிருந்து ஐம்பது மீட்டர் உயரத்துக்கு வருவதற்குள் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு மாற்றாதீர்கள்.

இறங்கிய பிறகு பயணி மகிழ்ச்சியில் உடனே திரும்பி உங்களைக் கட்டிப்பிடிக்க முயல்வார். இறக்கை முழுதாகத் தரையில் படிந்து, ஒரு பக்கம் மடிந்து, நீங்கள் அவரைக் கழற்றிவிடும்வரை முன்னால் பார்த்து நிற்கச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 8

மறந்துபோன சிறியவை: நீண்ட கூந்தலைத் தலைக்கவசத்துக்குள் விடுங்கள், இல்லையென்றால் கேரபினரில் சிக்கும். துப்பட்டா, கழுத்துத் துணி வேண்டாம். கையில் பிடிக்கும் கேமராக் கம்பு லைன்களுக்குள் (இறக்கையின் கயிறுகளுக்குள்) நுழையக் கூடாது; கிளம்பும்போதும் இறங்கும்போதும் அது மடங்கி உங்கள் பையில் இருக்கட்டும். கைப்பேசிக்குக் கயிறு கட்டாமல் எடுக்க அனுமதிக்காதீர்கள், கீழே மனிதர்கள் நடக்கிறார்கள்.

டேண்டம் இறக்கை தனி இறக்கையைவிட விரைவில் தேயும். ஒரு நாளில் பலமுறை விரிக்கப்படுகிறது, வெயிலில் கிடக்கிறது, தரையில் உராய்கிறது. துணியின் காற்றுக் கசிவையும் லைன்களின் நீளத்தையும் ஆண்டுதோறும் அளக்கச் சொல்லுங்கள். கடலோரத்தில் பறப்பவர்கள் உப்பையும் மணலையும் நினைத்து இன்னும் சீக்கிரமே.

பிப்ரவரி 13

கேள்வி கேட்டவர் பயிற்சியில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. 

முதலில் நீங்களே பயணியாகப் போங்கள், உங்களுக்குப் பழக்கமில்லாத பைலட்டோடு. கட்டுப்பாடு எதுவும் கையில் இல்லாமல் தெர்மலில் குலுங்குவது எப்படி இருக்கிறது என்பதைத் தனி பைலட்டுகள் பெரும்பாலும் மறந்துவிட்டோம். அடுத்து, பயிற்சியில் உங்கள் முதல் பயணிகளாக வருபவர்கள் பறக்கத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். அவர்கள் உங்களுக்கு உதவிவிடுவார்கள், அதில்தான் சிக்கல். உதவ வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தகுந்த காற்றும் விசாலமான மென்சரிவும் உள்ள நாளில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, முன்னறிவிப்பில்லாமல் ஒருவர் நடுவில் நிற்கட்டும், ஒருவர் இழுப்பு வந்ததும் தயங்கட்டும். கிளம்பாமல் இறக்கையைப் பாதியில் இறக்கிவிடும் பழக்கம் கைக்கு வந்த பிறகுதான் பறக்கத் தெரியாதவரை முன்னால் மாட்டுங்கள். 

உங்கள் எடை 62 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தொடக்கத்தில் 75 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம், ஸ்பிரெடரின் துளைகளைத் தரையிலேயே தொங்கிப் பார்த்துத் தீர்மானியுங்கள். மற்றவற்றைப் பயிற்சி தொடங்கிய பிறகு கேளுங்கள்.